கல்லரங்கின் மேல் ஏழு படி

அந்தப் பல்கலைக்கழக வளாகத்தின் பெயர் இங்கே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வந்து முட்டுகிற இடம், ஆடி மாதத்தில் கொடியில் காயப்போட்ட பாவாடை தானாகவே பக்கத்து விடுதிக்குப் போய்ச் சேருகிற இடம் என்று சொன்னால் போதும். எழுபதுகளில் நான் அங்கே தாவரவியல் படித்தேன். தேவிகுளத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் எஸ்டேட் லயத்திலிருந்து, அதாவது தேயிலைத் தொழிலாளர் வீட்டு வரிசையிலிருந்து, காலேஜ் படிக்கப் போன முதல் ஆள் நான். "செடியப் பத்திப் படிக்க எதுக்குட்டி இம்புட்டுச் செடிய விட்டுப்போட்டு அம்புட்டுத் தூரம் போற?" என்று அம்மா கேட்டாள்.

வளாகத்தின் கிழக்கு மூலையில் ஒரு பாறைக் குன்று இருந்தது. அதன் சரிவை அரைவட்டமாகக் குடைந்து, இருபத்தொரு கருங்கல் படிகள் அமைத்து, கீழே ஒரு கல் மேடை போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்து வேலை. நாடகப் பைத்தியம் பிடித்த துரை ஒருவன் தன் தேசத்து வழக்கப்படி கூரையில்லாமல் கட்டினானாம். கட்டி முடித்து, நல்ல மழைக்காலமாகப் பார்த்து முதல் நாடகம் போட்டானாம். இரண்டாவது காட்சியில் மழை பிடித்துக்கொண்டு ராஜா, ராணி, பார்வையாளர் எல்லோரும் ஒரே வாசல் வழியாக ஓடினார்கள் என்று கேள்வி. மலையாளப் பிள்ளைகள் அதை 'ஓப்பன் எயர்' என்பார்கள். தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் நான்கைந்து பேர் கல்லரங்கு என்போம். பழமையான இடம், கல்லைச் சேதப்படுத்தாதே என்று வாசலில் பலகை உண்டு. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். காட்டுவதற்கு அங்கே வேறு எதுவும் இல்லை என்பதும் உண்மை.

அந்த அரங்கில் ஒரு விசித்திரம் இருந்தது. மேடையின் நடுவில் நின்று முணுமுணுத்தால்கூட உச்சிப் படியில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். உச்சிப் படியிலிருந்து கத்தினால் மேடைக்கு வந்து சேருவதற்குள் காற்று பாதியைத் தின்றுவிடும். துரைக்குத் தன் பேச்சு மற்றவர்களுக்குக் கேட்டால் போதும், அவர்கள் பேச்சு தனக்குக் கேட்க வேண்டியதில்லை என்று இருந்திருக்கும்.

இருபத்தொரு படிகளில் கீழே பதினான்கு மனிதர்களுக்கு. மேல் ஏழும் புல்லுக்கு. இந்தப் பாகப்பிரிவினையைச் செய்தவர் எங்கள் துறைத் தலைவர். பாலக்காட்டுக் கோயில் தெருக் குடும்பம். வீட்டுத் தமிழும் மலையாளமும் கலந்து ஒரே மூச்சில் பேசுவார். கல் இடுக்கில் தானாக முளைக்கிற செடிகளை எட்டு வருடங்களாக அவர் எண்ணிக்கொண்டிருந்தார். எந்தப் படியில் என்ன முளைத்தது, எப்போது பூத்தது, அடுத்த வருடம் எங்கே நகர்ந்தது என்று நோட்டு நோட்டாக எழுதி வைத்திருந்தார். அந்த ஏழு படிகளின் ஓரத்திலும் வெள்ளைச் சாயத்தில் கீழிருந்து ஒன்று முதல் ஏழு வரை எண் எழுதியிருக்கும். தோட்டக்காரர்கள் அங்கே ஏறக்கூடாது. மாணவர்கள் உட்காரக்கூடாது. ஒருமுறை ஆண்டு விழாவுக்கு யாரோ மந்திரி வந்தபோது கூட்டம் நிரம்பி வழிந்தது. சார் குடையைப் பிடித்தபடி மேலிருந்து எட்டாம் வரிசையில் நின்றுகொண்டு, மேலே ஏற வந்த போலீஸ்காரரைக் கீழே அனுப்பினார். "புல்லுக்குப் போக மிச்சம்தான் மனுஷனுக்கு" என்று நாங்கள் பேசிச் சிரிப்போம். அவர் காதில் படாமல்தான்.

நான் பி.எஸ்ஸி.யில் முதல் வகுப்பில் தேறியிருந்தேன். அங்கேயே எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பமும் போட்டிருந்தேன். சார் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் இடம் உண்டு. எழுதாவிட்டால் தேவிகுளத்துக்கு பஸ் உண்டு. எஸ்டேட் டிஸ்பென்சரியில் மருந்து கலக்கும் வேலைக்கு என் பெயரைச் சொல்லி வைத்திருப்பதாக ஊரிலிருந்து தகவல் வந்திருந்தது. கலர் தண்ணீரைப் புட்டியில் ஊற்றிக் காலத்தை ஓட்டுவதை நினைத்தாலே எனக்கு அழுகை வரும். சார் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. அந்த வருடத்து ஆடி எண்ணிக்கையை நான் முடித்துக் கொடுக்க வேண்டும். ஏழு படிகளிலும் இருக்கிற ஒவ்வொரு செடியையும் எண்ணி, நோட்டில் ஏற்றி, சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்தால், அங்கேயே கடிதம். விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமை கடைசி நாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குள் மூன்று படிகளை எண்ணி முடித்திருந்தேன். முழங்கால் இரண்டும் கல்லில் தேய்ந்து எரிந்தன. அப்போதுதான் வாட்ச்மேன் வந்தார். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர், மரியாதை தவறாதவர். "ஏனுங் அம்மிணி, உங்கூட்டுல இருந்து ஆளுக வந்திருக்காங்க. அஞ்சு பேருங்க. அதுல ஒருத்தரு மொட்டைங்க" என்றார்.

அந்த மொட்டை என் அம்மா.

நான் பாஸாகிவிட்டால் பழனியில் முடி கொடுப்பதாக வேண்டியிருந்தாளாம். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் சண்டை போடுவேன் என்று தெரியும். தன்னோடு ஒரே கங்காணியின் மேற்பார்வையில் தேயிலைக் கொழுந்தெடுக்கிற நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு, மறையூர் வழியாக உடுமலைக்கு இறங்கி, பழனியில் முடியைக் கொடுத்துவிட்டு, பொள்ளாச்சியில் பஸ் மாறி வந்து சேர்ந்திருந்தாள். வருவதாக எழுதச்சொல்லிப் போட்ட கடிதம் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. தலை முழுக்கச் சந்தனம், கையில் பஞ்சாமிர்த டப்பா, முகத்தில் இத்தனை பெரிய சிரிப்பு. இடுப்பளவு கூந்தல் உள்ளவள் என் அம்மா. அவளை அப்படிப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "என்னத்துக்கும்மா இதெல்லாம்?" என்றேன். "தல லேசா இருக்குட்டி. நீயும் ஒருதடவ எடுத்துப் பாரு" என்றாள்.

கூட வந்த நால்வரில் இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன். ஒருத்தி பக்கத்து லயத்துச் சித்தி. வாயால் ஊரைக் கட்டி மேய்ப்பவள். இன்னொருத்தி பெரியம்மா. அவளுக்கு டீ இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஓடாது. இரண்டு பேரும் ரத்த உறவு இல்லை. லயத்தில் அதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

விடுதியில் விருந்தாளிகளை நான்கு மணிக்கு முன்னால் விடமாட்டார்கள். எனவே நானும் ஊர் வழக்கப்படி அவர்களைக் கல்லரங்குக்குக் கூட்டிப்போனேன். உள்ளே நுழைந்ததும் ஐந்து பேரும் நின்றுவிட்டார்கள்.

"ஆத்தாடி! இம்புட்டுப் பெரிய பெரட்டுக் களமா!" என்றாள் அம்மா.

பெரட்டுக் களம் என்பது எஸ்டேட்டில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் போடுகிற இடம். இது நாடகம் பார்க்கிற இடம் என்று விளக்கினேன். ஒருவரும் நம்பவில்லை. கல்லில் உட்கார்ந்து எவனாவது நாடகம் பார்ப்பானா, உட்காருகிற இடம் மரத்துப் போகாதா என்று சித்தி கேட்டாள். அது நியாயமான கேள்விதான். துரை பெரட்டுக்குத்தான் கட்டியிருப்பான், பிறகு இவர்கள் நாடகம் என்று கதை கட்டிவிட்டார்கள் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

சத்தம் கேட்கிற விசித்திரத்தைக் காட்ட, சார் பக்கத்தில் இல்லாத தைரியத்தில், அம்மாவையும் மூவரையும் உச்சிப் படிக்கு அனுப்பினேன். சித்தியை மேடையில் நிறுத்தி, ஏதாவது ரகசியம் போலச் சொல்லச் சொன்னேன். சித்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, பெரியம்மா வைக்கிற குழம்பைப் பற்றித் தன் உண்மையான அபிப்பிராயத்தை முணுமுணுத்தாள். அது காற்றில் கலந்துவிடும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. உச்சியிலிருந்து பெரியம்மா இறங்கி வந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். கல் மேல் பழியைப் போட்டு இருவரையும் சமாதானம் செய்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குக் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. "அந்த மேல் ஏழு படியும் என் பொறுப்பு. தலைவர் சார் வேறு யாரையும் அங்கே விடமாட்டார். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் வேலையை முடிச்சுக் காட்டணும். காட்டினால்தான் மேலே படிக்கக் கடிதம் தருவார்" என்றேன். ஐந்து பேரும் ஏழு படிகளையும் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். மலைத்துப் போனார்கள் என்று நான் நினைத்தேன்.

"இங்கேயே உட்கார்ந்திருங்க. டீயும் வடையும் வாங்கிட்டு வர்றேன். காலைப் பிடிச்சுவிட்டுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். அந்த ஐந்து பேரையும் பார்த்துச் சும்மா இருங்கள் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கான்டீனில் அன்றைக்குப் பார்த்துப் பால் வரவில்லை. பாலுக்கு ஆள் போய், அவன் வந்து, டீ கொதித்து, கெட்டிலில் ஊற்றி வாங்குவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்து மேடைப் பக்கமாக நுழைந்தேன். மேலே பார்த்ததும் முதலில் அரங்கு ஏதோ அழகாக இருப்பதாகத்தான் பட்டது. கல் பளிச்சென்று இருந்தது. என்ன மாற்றம் என்று இரண்டு நிமிடம் யோசித்தேன்.

அப்புறம்தான் கண் தெரிந்தது. மேல் ஏழு படிகளில் ஆறரைப் படி மொட்டை. என் அம்மாவின் தலைக்கும் அந்தக் கல்லுக்கும் வித்தியாசம் சந்தனம் மட்டும்தான். ஒவ்வொரு படியின் கோடியிலும் பிடுங்கிய செடிகள் சிறு சிறு குவியலாகக் கிடந்தன. ஐந்து பேரும் உச்சியில், ஏழாம் படியில் குத்துக்காலிட்டு, பேச்சும் சிரிப்புமாக, கையைப் பாராமலே பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு இனிமேல் தேவைப்படாத கொண்டை ஊசிகளை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டு, கல் இடுக்கில் விட்டு நெம்பி, வேர் அறாமல் எடுத்தார்கள்.

"ஒத்தப் பிள்ள எப்படிட்டி இம்புட்டையும் பிடுங்குவ?" என்று மேலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். சரிவுக்குச் சரிவு கூப்பிட்டுப் பழகிய குரல், காற்று தின்றது போக மிச்சமே தாராளமாக இருந்தது. "கீழ இருக்க படியெல்லாம் சுத்தமா இருக்கு, உன் படி மட்டும் காடா கெடக்கு. எங்களுக்கே வெக்கமாப் போச்சு. நெரைக்கு நெரை நம்பர் வேற போட்டிருக்காக. ஆளுக்கொரு நம்பர் பிடிச்சோம், முடிச்சுட்டோம்!"

அவர்கள் மேல் குற்றம் சொல்ல இடமில்லை. எஸ்டேட்டில் எண் போட்ட வரிசை என்றால் அது நிரை. நிரை என்றால் ஒரு ஆளின் வேலை. என் பொறுப்பு என்று சொன்னது நான். சாயங்காலத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்று சொன்னதும் நான். எட்டு வருட ஆராய்ச்சியை ஒன்றரை மணி நேரத்தில் களையெடுத்துவிட்டார்கள். கெட்டிலைப் பிடித்தபடி மேடையில் நின்றேன். டிஸ்பென்சரியின் மருந்து வாடை அங்கேயே என் மூக்கில் அடித்தது.

"அம்மிணி, சாரு வர்றாருங்க" என்று பின்னாலிருந்து வாட்ச்மேன் கிசுகிசுத்தார்.

சார் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, மடக்கிய குடையோடு வந்து மேடையில் என் பக்கத்தில் நின்றார். மேலே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும். அன்றைக்கு அது எங்கே இறங்கியது என்றால், பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"யாராக்கும் இவா?"

"தெரியாது சார்" என்றேன். என் குரலும் அவ்வளவுதான் வந்தது. "யாரோ பழனிக்குப் போயிட்டு வர்றவங்க போலிருக்கு. நான் டீ வாங்கப் போயிருந்தேன்."

பயத்தில் சொன்னேன் என்றுதான் இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். முக்கால் பங்கு பயம்தான். மீதிக் கால் பங்கு என்ன என்பதும் எனக்குத் தெரியும். மொட்டைத் தலையும் மடி நிறையப் புல்லுமாக நின்ற அந்தக் கூட்டத்தை என்னுடையது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

உச்சிப் படியில் பத்துக் கைகளும் ஒரே நேரத்தில் நின்றன. அப்போதுதான் நான் நிற்கிற இடம் எனக்கு நினைவு வந்தது. மேடையின் நடுவில் நின்றுகொண்டு முணுமுணுத்திருக்கிறேன்.

அம்மா எழுந்தாள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவளோ கையை நெற்றிக்கு மேலே குடை பிடித்து, யாரையோ தேடுவது போல என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா, டீச்சட்டி வச்சிருக்கிற தாயி! நீங்க எந்த ஊருங்க? இங்க குடிக்கத் தண்ணி கெடைக்குங்களா?"

என் அம்மா என்னை 'நீங்க' என்று சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவள் ஆரம்பித்துவைத்தாள், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்த மேடையில் துரை போட்ட நாடகம் எப்படி இருந்ததோ தெரியாது, மேடைக்கு எதிர்ப்பக்கத்தில் இவர்கள் போட்ட நாடகம் இதுதான். சித்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பாத்தா நல்ல குடும்பத்துப் பிள்ள மாதிரி தெரியுது. யாரு பெத்த பிள்ளையோ!" என்று மற்றவர்களைக் கேட்டாள். எனக்குப் பேன் பார்த்துப் பின்னி விட்டவள் அவள். இன்னொருத்தி, "நாங்க வழி தப்பி வந்துட்டோங்க. இது கோயில்னு நெனச்சுட்டோம்" என்றாள். "அதான் புல்லுப் பிடுங்கி உழவாரப் பணி பண்ணுனோம்" என்று சித்தி அதற்கு ஒரு முட்டுக் கொடுத்தாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரியம்மாவின் கண் மட்டும் கெட்டிலை விட்டு நகரவில்லை.

"பாப்பா, டீ ஆறிப் போகுதுடி. கொண்டாந்து குடுத்துட்டு அப்புறமா நின்னு முழி!" என்றாள்.

சித்தி அவள் தொடையில் கிள்ளியதை நான் கீழிருந்தே பார்த்தேன். "எந்த ஊருப் பிள்ளையா இருந்தாலும் நாங்க பாப்பான்னுதாங்க கூப்பிடுவோம்" என்று சித்தி அவசரமாகச் சொன்னாள்.

சார் வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். "இவாளை யார் உள்ளே விட்டா?" வாட்ச்மேன் ஆகாயத்தைப் பார்த்தார். "நான் அப்ப மாடு தொரத்தப் போயிருந்தனுங்க சாரு" என்றார். அந்த வளாகத்தில் மாடே கிடையாது.

சார் மெதுவாகப் படியேறினார். நான் மேடையிலேயே நின்றேன். அவர் நேராக அம்மாவுக்கு எதிரில் போய் நின்று, குவியலைப் பார்க்காமல் அவள் தலையைப் பார்த்தார். அவருடைய குரல் எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. நான் இரண்டு படி, நான்கு படி என்று மெல்ல மேலே நகர்ந்தேன்.

"என்ன வேண்டுதல் அம்மா? முடி எதுக்காகக் கொடுத்தேள்?"

அம்மா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. முருகன் விஷயத்தில் பொய் சொல்லவும் அவளுக்கு மனசில்லை, என் கடிதத்தைக் கெடுக்கவும் மனசில்லை.

"ஆடுங்க" என்றாள் கடைசியில்.

"ஆடா?"

"ஆமாங்கய்யா. ஒரு ஆடு. காணாமப் போயிருச்சு. கெடைச்சா முடி தாரேன்னு வேண்டுனேன்."

சார் தாவரவியல்காரர். ஒரு விஷயத்தை எடுத்தால் வேர்வரை போகாமல் விடமாட்டார். எத்தனை நாளாகக் காணவில்லை என்று கேட்டார். "மூணு வருசமுங்க" என்றாள் அம்மா. மூன்று வருடம் காணாமல் போன ஆடு எப்படித் திரும்பி வரும், புலியோ நரியோ கொண்டு போயிருக்காதா என்றார். "அப்பப்ப லீவுக்கு வந்துட்டுப் போகுங்க" என்றாள் சித்தி. அம்மா அவளை முறைத்தாள். சித்தியின் வாய் நிற்கவில்லை. "நல்ல ஆடுங்கய்யா. பஸ்ட் கிளாஸா வந்துச்சு!"

"ஆடு ஃபர்ஸ்ட் கிளாஸா?" என்றார் சார்.

அம்மா குனிந்து, மடியிலிருந்த புல்லை ஒன்றொன்றாகத் தட்டிவிட்டாள். "ஒத்த ஆடுங்கய்யா" என்றாள் மெதுவாக. "வேற இல்ல எனக்கு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கெட்டிலைப் படியில் வைத்தேன். "சார்" என்றேன். அவர் திரும்பினார்.

"சார், அந்த ஆடு நான்தான்."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தேன். அழகாக அழவில்லை, மூக்கெல்லாம் ஒழுக அழுதேன். "எங்கம்மா சார். இவங்க எல்லாம் எங்க லயம். நான்தான் இது என் பொறுப்புன்னு சொன்னேன். என் வேலைன்னு நினைச்சுப் பிடுங்கிட்டாங்க."

சார் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் மேல் பாய்ந்தாள். "அடி கூறுகெட்டவளே! இம்புட்டு நேரம் நாங்க அஞ்சு பேரும் நாய் படாத பாடு பட்டு மறைச்சா, நீயே போயி ஒளறிட்டியே! அந்தக் காயிதம் என்னாகுறது? ஆடுன்னு அய்யா பாதி நம்பிட்டாக!" அவளுக்கு உண்மையாகவே கோபம். நான் அவளைத் தெரியாது என்று சொன்னதற்காக இல்லை. அவளைத் தெரியும் என்று சொன்னதற்காக.

சார் எட்டாம் வரிசையில் போய் உட்கார்ந்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "நாலாம் நம்பர் யார் பிடுங்கினது?" என்றார். சித்தி பயந்துகொண்டே கையைத் தூக்கினாள். அவர் திட்டவில்லை. எங்கே என்ன இருந்தது, ஓர்மை இருக்கிறதா என்று கேட்டார். சித்திக்கு நன்றாக நினைவு இருந்தது. எல்லோருக்கும் இருந்தது. தன் நிரையில் எது எங்கே இருந்தது என்று சொல்லத் தெரியாவிட்டால் கங்காணியிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். அதனால் அவர்களுக்கு அது பழக்கம். இடது கோடியில் கீழாநெல்லி நாலு, அதுக்கடுத்து ஒரு முழத்தில் துத்தி, அப்புறம் பேர் தெரியாத சனியன் ஒன்று என்று அவர்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். இடையில் பெரியம்மா ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, அவருக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். குவியலில் இருந்தவற்றை ஈரச் சாக்கில் பொதிந்து, அன்றே சிலவற்றை மறுபடி இடுக்கில் நட்டோம். வேரோடு வந்திருந்ததால் பாதிக்கு மேல் பிழைத்தன. ஐந்தாம் படியில் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் தலைகாட்டுகிற கடுகளவு நீலப்பூச் செடி மட்டும் பிழைக்கவில்லை. அதற்காக அவர் இரண்டு நாள் காபி குடிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நட்டு முடித்தபோது மணி நான்கு இருக்கும். சார் கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் எப்போதும் போலத் தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"பெத்த தாயாரைத் தெரியாதுன்னு சொன்ன பொண்ணுக்கு நான் லெட்டர் எழுத மாட்டேன். கேட்டையோ?"

"கேட்டேன் சார்" என்றேன். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அம்மா பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சார் குடையை விரித்தார், மழை இல்லை, மறுபடி மடக்கினார். அம்மா பக்கம் திரும்பினார். "அந்த ஆட்டுக்கு வேணும்னா எழுதறேன். மூணு வருஷமா நானும் பார்த்துண்டிருக்கேன். நன்னா மேயறது."

அம்மாவுக்கு அவர் தமிழ் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் சிரிக்கவில்லை. முந்தானையை எடுத்து மொட்டைத் தலையை மூடிக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அப்பச் சரிங்கய்யா. ஆடு இங்கனயே மேயட்டும். எங்களுக்குப் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். சொல்லிவிட்டு, மண் ஒட்டிய கையால் என் உச்சந்தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள்.